பையில் இரண்டு எடைக்கற்கள்



பழங்காலச் சந்தையில் வஞ்சகமான வியாபாரி தன் பையில் இரண்டு வகை எடைக்கற்களை வைத்திருப்பான். விவரம் அறிந்தவன் வந்தால் ஒரு கல். ஏமாளி வந்தால் வேறொரு கல். மோசேயின் நியாயப்பிரமாணம் இதைத் திட்டவட்டமாக விலக்கியது. இன்று எடைக்கற்களுக்கு அரசு முத்திரை வந்துவிட்டது. ஆயினும் அந்தப் பை ஒழியவில்லை. வாடிக்கையாளரை இனம் பிரித்துக் குறிவைத்தல் என்னும் கண்ணியமான பெயரில் அது இன்றும் வணிகத்தின் தோளில் தொங்குகிறது.

யாருக்கு எது தேவை என்று அறிந்து விற்பது குற்றமன்று. முதியோருக்கென்று பெரிய எழுத்தில் அச்சிடுகிறவரும், பிள்ளைகளின் கால் அளவுக்குச் செருப்புத் தைக்கிறவரும் நல்ல வியாபாரிகளே. யார் எந்த இடத்தில் பலவீனர் என்று அறிந்து, அந்த இடத்திலேயே கைவைத்து விற்பதுதான் குற்றம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண விரும்புவோர் குழந்தை உணவு வணிகத்தின் வரலாற்றைப் பார்க்கட்டும்.

1960களில் செல்வ நாடுகளில் பிறப்பு விகிதம் சரியத் தொடங்கியது. பால்மாவு நிறுவனங்களின் பார்வை ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் தாய்மார்மீது திரும்பியது. விளம்பரம் அவர்களிடம் தொட்டது அச்சத்தை: உன் பால் பிள்ளைக்குப் போதுமா? செவிலியரைப் போல வெள்ளுடை தரித்த விற்பனைப் பெண்கள் பிரசவ வார்டுகளுக்குள் நுழைந்து இலவச டப்பாக்களைக் கொடுத்தார்கள். அந்த வெள்ளுடையே விளம்பரமாயிற்று.

இலவசத்தின் உள்நோக்கத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பிள்ளை சப்பும் அளவுக்கே தாய்ப்பால் சுரக்கும். புட்டிக்குப் பழகிய பிள்ளை சப்புவது குறையும், பாலும் குறையும். இலவச டப்பா தீரும் வேளையில் தாயின் மார்பும் வற்றியிருக்கும். இனி விலை கொடுத்தே ஆகவேண்டும். கூலி வாங்கும் குடும்பத்தால் அது இயலுமா? மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமானதன்று. வயிற்றுப்போக்கும் ஊட்டக்குறைவும் பச்சிளங்குழந்தைகளை வாரிக்கொண்டு போயின.

இந்த ஆபத்தை முன்னமே கண்டவர் உண்டு. 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தவறான பால் பிரசாரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்று வணிகர் நிறைந்த ரோட்டரி சங்கக் கூட்டத்திலேயே பேசினார். 1976இல் அமெரிக்கக் கன்னியர் சபை ஒன்று, தாங்கள் பங்கு வைத்திருந்த பால்மாவு நிறுவனத்தின்மீதே வழக்குத் தொடுத்தது. 1977இல் நெஸ்லே நிறுவனத்தின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனைக்கு ஒரு நெறிமுறையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. இந்தியா 1992இல் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரம் கூடாது; இலவச மாதிரி கூடாது; டப்பாவில் குழந்தையின் படமும் கூடாது.

அத்துடன் அந்தப் பை காலியாகிவிட்டதா? 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்னும் சுவிஸ் அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. நெஸ்லேயின் தாயகமான சுவிட்சர்லாந்தில் அதன் முக்கியமான குழந்தைத் தானிய உணவுகளில் கூடுதல் சர்க்கரை இல்லை. இந்தியாவில் ஆராயப்பட்ட செரிலாக் வகைகளிலோ, ஒரு வேளை உணவுக்கு ஏறத்தாழ 3 கிராம் கூடுதல் சர்க்கரை இருந்தது. உள்ளூர்ச் சட்டத்தை மீறவில்லை என்றும், ஐந்து ஆண்டுகளில் சர்க்கரையை 30 சதவீதம் வரை குறைத்துள்ளோம் என்றும் நிறுவனம் கூறியது. பின்னர் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே கொண்டுவந்தது. நல்லது. ஆனால் சுவிஸ் பிள்ளைக்கு வேண்டாததென்று முன்பே தெரிந்த ஒன்று, நம் பிள்ளைக்கு மட்டும் இத்தனை ஆண்டுகள் ஏன் வேண்டியதாயிருந்தது? சட்டம் அனுமதித்தது என்பது, என் பையில் அந்தக் கல்லை வைக்க இடம் இருந்தது என்று சொல்வதற்குச் சமமன்றோ?

இன்று வெள்ளுடை விற்பனைப் பெண்ணின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. கர்ப்பகாலச் செயலிகள், தாய்மார் குழுக்கள், பிரபலமானவர்களின் பரிந்துரைகள் ஆகியவற்றின் வழியாகப் பால்மாவு வணிகம் தாய்மாரை எட்டுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்தது. எட்டு நாடுகளில் விசாரிக்கப்பட்ட பெற்றோரிலும் கர்ப்பிணிகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவ்விளம்பரங்களைக் கண்டிருந்தனர். நள்ளிரவில் பிள்ளை அழும்போது, ஏன் அழுகிறது என்று கைபேசியில் தேடும் தாயின் தவிப்பை விற்பனை வாய்ப்பாகக் கணக்கிடும் வணிகத்தை என்னவென்று சொல்வது?

தாயை இழந்த பிள்ளைக்கும், நோயினால் பாலூட்ட இயலாதவளின் பிள்ளைக்கும் பால்மாவு உயிர்காக்கும் உணவு. அதைக் கொடுக்கும் எந்தத் தாயும் வெட்கப்பட வேண்டியதில்லை. நம் வழக்கு அவளோடு அன்று. அவளுடைய அச்சத்தை முதலாக்கி லாபம் தேடுகிறவர்களோடுதான்.

நேர்மையான விற்பனையை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு கூட்டத்தாரிடம் சொல்லும் சொல்லை, அவர்களுக்குக் கொடுக்கும் பொருளை, மற்றக் கூட்டத்தாரின் கண்முன்னே வியாபாரி கூச்சமின்றிக் காட்ட முடியுமா? முடிந்தால் அது தேவையறிந்த விற்பனை. முடியாவிட்டால் அது இரண்டாவது எடைக்கல்.

ஆகையால், டப்பாவின் முன்பக்கத்துச் சொற்களை விட்டு, பின்பக்கத்துப் பொருள்பட்டியலை வாசியுங்கள். பிரசவ வார்டில் நீட்டப்படும் பால்மாவு அன்பளிப்பைத் திருப்பிக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுப் புதுத் தாயைத் தனியே விடாதிருங்கள். கணவரே, இரவில் அவளோடு விழித்திருங்கள். மாமியாரே, பால் போதவில்லை என்ற சொல்லை அவள் காதில் போடாதிருங்கள். தாங்குவார் உள்ள தாயிடம் அச்சத்தை விற்பது எளிதன்று.