குப்பியைக் காட்டு! கணக்கைக் கூறு!

"முகச் சுருக்கத்திற்கு ஊசியா? பகட்டு வாழ்வினரின் பொழுதுபோக்கன்றோ அது!" என்று எள்ளி நகையாடுவோர் நம்மிடையேயும் உண்டு. தோழர்களே, அந்த நகைப்புத்தான் வஞ்சகனுக்குக் காவல்! ஏமாற்றப்பட்டவர் வாய்திறந்தால் ஊர் சிரிக்கும் என்று அஞ்சுகிறார். அந்த நாணமே கொள்ளையரின் மூலதனம். உழைத்துச் சேர்த்த காசு எதற்குச் செலவாயினும், அதற்குரிய பொருள் கைக்கு வந்தாக வேண்டும்.

திருவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்குகிறோம். தராசு கண்ணெதிரே நிற்கிறது. இராசபாளையத்தில் நூல் வாங்குவோர், கவுண்டு எத்தனை என்று கேளாமல் விலை பேசுவதுண்டா? இனிப்புக்கு எடை, நூலுக்குக் கவுண்டு. ஊசிக்கு மட்டும் "முகத்துக்கு இவ்வளவு" என்ற குத்துமதிப்பா?

போடாக்ஸ், யூனிட் கணக்கில் அளக்கப்படும் மருந்து. குப்பியில் உலர்ந்த நிலையில் வருவதை உப்புநீரில் கரைக்கின்றனர். 100 யூனிட் குப்பியில் 2.5 மில்லி சேர்த்தால், ஊசிக்குழலின் 0.1 மில்லியில் 4 யூனிட் இருக்கும். 5 மில்லி சேர்த்தால் 2 யூனிட்தான். கண்ணுக்குத் தெரியும் அளவு ஒன்றே. உள்ளிருக்கும் மருந்தோ பாதி! கரைப்பது குற்றமன்று, கணக்கை மறைப்பதே குற்றம். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் மற்றொன்றின் யூனிட்டும் சமமல்ல என்பதையும் மறவாதீர். பயனோ பெரும்பாலும் மூன்று நான்கு திங்கள்தான். மீண்டும் மீண்டும் பணம் கேட்கும் செலவு இது.

பறிபோவது பணம் மட்டுமா? 2024 ஏப்ரலில் அமெரிக்காவில், போலியானதும் முறைகேடாகக் கையாளப்பட்டதுமான ஊசிகளால் 11 மாநிலங்களில் 22 பேர் துன்புற்றதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவித்தது. வல்லரசின் நிலையே அதுவெனில், கேள்வி கேளாத நம் நிலை என்ன?

"மருத்துவரிடம் பேரமா?" என்று சீறுவோர் உளர். பேரமன்று, உரிமை! கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே கூற வேண்டும், பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நன்னெறி விதிகளே பணிக்கின்றன. கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. நேர்மையான மருத்துவர் இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளிப்பவரிடம் நமக்கென்ன வேலை?

ஆகவே கேளுங்கள்: மருந்தின் பெயர் என்ன? எத்தனை யூனிட்? யூனிட் என்ன விலை? குப்பியை எம் கண்முன் திறப்பீரா? தொகுதி எண்ணுடன் ரசீது தருவீரா? மறுத்தால் எழுந்து வாருங்கள். ஏமாற்றப்பட்டால் ரசீதோடு செல்லுங்கள்: மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. கொடுத்த தொகை 5 இலட்சம் வரையெனில் மனுவுக்குக் கட்டணமில்லை.

தோழர்களே, ஏமாந்து வருபவரைக் கண்டு நகைக்காதீர்; மனு எழுதித் தாருங்கள், உடன் செல்லுங்கள். சுருக்கம் விழ வேண்டியது ஏமாற்றுவோரின் பணப்பையில்; ஏமாந்தோரின் நெஞ்சில் அன்று!