மாற்றும் ஏமாற்றும்

கடலில் மூழ்குவோர் கைக்கடிகாரத்திடம் வேண்டுவன யாவை? நீர் புகாமை, இருளில் நேரம் தெரிதல், மூழ்கிய நிமிடங்களைக் காட்டும் சுழல்வளையம் ஆகியனவே. ஐ.எஸ்.ஓ. 6425 என்னும் அனைத்துலகத் தரம் அத்தகைய கடிகாரம் குறைந்தது 100 மீட்டர் ஆழம் தாங்க வேண்டும் என்கிறது, பொன்னைக் கேட்கவில்லை. ரோலெக்ஸ் சப்மரீனரின் பொற்கடிகாரமும் எஃகுக் கடிகாரமும் தாங்கும் ஆழம் ஒன்றே: 300 மீட்டர். பொன் கூட்டுவது எடையையும் விலையையுமே.

சீக்கோ நிறுவனம் 1965ஆம் ஆண்டிலேயே 150 மீட்டர் தாங்கும் எஃகுக் கடிகாரத்தைச் செய்துவிட்டது. இன்று அந்நிறுவனமும் சிட்டிசனும் 200 மீட்டர் தாங்குவனவற்றை, அப்பொற்கடிகார விலையில் சிறு பங்கிற்கே விற்கின்றன. இவற்றை விடுத்து, பிறர் பெயரைப் பொறித்துப் பொன்முலாம் பூசிய போலியை நாடுவோர் உளர். அது மாற்று அன்று, ஏமாற்று. மெய்யான எஃகை அணிவதில் நாணம் இல்லை. பொய்யான பொன்னை அணிவதே நாணத்தக்கது.