குருதியிலே ஓர் எண்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் குருதிப் பரிசோதனைத் தாளொன்றுடன் எம் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்தார். ஐம்பதைக் கடந்தவர், மரக்கறி உணவன்றி வேறறியாதவர், இரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாகக் குளிசை உட்கொள்பவர். தாளிலே ‘ஹோமோசிஸ்டீன் 24’ என்று கண்டிருந்தது. லீற்றருக்கு 24 மைக்குறோமோல் என்பது அதன் பொருள். 5 முதல் 15 வரை இருப்பதே இயல்பு.

“மாஸ்டர், மாரடைப்புக்கு மூலகாரணம் இதுதானாம். விற்றமின் குளிசையாலே இதை இறக்கிவிடலாமாம். பிறகு மற்றக் குளிசைகள் எதற்கு?” என்றார். மற்றக் குளிசைகளை நிறுத்திப் பத்து நாட்களாயின என்பது பேச்சின் நடுவிலேதான் வெளிவந்தது. எனக்குத் திக்கென்றது.

நாம் உண்ணும் புரதத்திலே மெதியோனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. உடல் அதனைப் பயன்படுத்தும்போது இடையிலே தோன்றுவதே ஹோமோசிஸ்டீன். 1932ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் வின்சன்ற் டு விக்னோ, மெதியோனினைக் கடுங் கந்தக அமிலத்துடன் சூடாக்கி இதனை முதன்முதலிற் கண்டார். உடலிலே இது நெடுநேரம் தங்குவதற்குரியதன்று. ஃபோலிக் அமிலமும் பி12 விற்றமினும் துணைநிற்க மீண்டும் மெதியோனின் ஆகும். அன்றேல் பி6 விற்றமினின் துணையோடு வேறொரு பொருளாக மாறும். இவ்விரு வழிகளும் அடைபட்டாற் குருதியிலே தேங்கும்.

இது நாடிகளைக் கெடுக்கக்கூடும் என்று முதலில் ஐயுற்றவர் பொஸ்ரன் நகரத்து நோயியல் வைத்தியர் கில்மர் மக்கலி. அவர் ஐயுற்ற விதம் துப்பறியும் கதையை ஒத்தது. பிறவியிலேயே ஹோமோசிஸ்டீன் மிகுந்து சிறுநீரிற் கழியும் அரிய நோயொன்று 1962இல் கண்டறியப்பட்டிருந்தது. அந்நோயுள்ள சிறுமி ஒருத்தியைப் பற்றி வைத்தியர்கள் கூடி ஆராய்ந்தபோது, அவளுடைய மாமன் எட்டு வயதிலே, 1933ஆம் ஆண்டில், அதே நகரிற் பாரிசவாதத்தால் இறந்த செய்தி வெளிப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாரிசவாதம்! மக்கலி, பேணி வைக்கப்பட்டிருந்த அப்பிள்ளையின் இழையங்களைத் தேடியெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். நாடிகள் முதியவரின் நாடிகள்போலத் தடித்திருந்தன.

இதனோடு நின்றிருந்தால் அது வெறும் ஊகமே. இரண்டு மாதக் குழந்தையொன்றும் இவ்வாறே நாடி தடித்து இறந்திருந்தது. அதன் குறைபாடு வேறு: பி12 சம்பந்தமானது. முதல் நோயிலே மெதியோனின் மிகும், இதிலே குறையும். இரண்டிலும் மிகுந்திருந்தது ஹோமோசிஸ்டீன் ஒன்றுதான். எனவே குற்றவாளி அதுவே என்று 1969இல் எழுதினார். நான் விஞ்ஞான வகுப்பிலே தருக்கம் கற்பிக்க நேரும்போதெல்லாம் இதனைச் சொல்வதுண்டு.

கொலஸ்திரோல் ஒன்றையே வைத்தியவுலகம் நோக்கியிருந்த காலம் அது. எழுபதுகளின் இறுதியில் ஹார்வாட்டிலே மக்கலி பதவி இழந்தார். ஆயினும், தொண்ணூறுகளிலே பல ஆய்வுகள், ஹோமோசிஸ்டீன் மிகுந்தவர்க்கு மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுதியாக வருவதைக் காட்டின. மக்கலி வென்றார் என்று பலரும் எழுதினர். என் நண்பர் அறிந்த கதை இவ்வளவே.

மிச்சக் கதை 2006இல் வந்தது. இருதய நோயுள்ளோரும் நீரிழிவுள்ளோருமாக 5,522 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் ஐந்தாண்டளவு கொடுத்துப் பார்த்தனர். ஹோமோசிஸ்டீன் இறங்கியது. ஆனால் மாரடைப்பு குறையவில்லை. பாரிசவாதம் மட்டும் சற்றுக் குறைந்தது. அதே ஆண்டு நோர்வேயில் மாரடைப்புக் கண்டவரிடையே நடந்த ஆய்விலும் விற்றமின்களாற் பயன் காணப்படவில்லை. சிறுநீரகம் தளர்ந்தாலும், புகைபிடித்தாலும், முதுமை வந்தாலும் இந்த எண் ஏறும். அவையோ தாமாகவே நாடிகளைக் கெடுப்பவை. நிழலைக் குறைத்துவிட்டால் மரம் சிறிதாகிவிடுமா? பிறவி நோயாளரிற் காணும் மிக உயர்ந்த அளவு வேறு, நம்மிற் பலரிடம் காணும் சிறு ஏற்றம் வேறு.

நண்பர் விடவில்லை. “சீனாவிலே பலன் கண்டார்களாமே?” என்றார். கண்டதுண்டு. 2015இல் வெளிவந்த அவ்வாய்விலே, இரத்த அழுத்தமுள்ள 20,702 பேரில் ஃபோலிக் அமிலம் பெற்றவரில் 2.7 வீதத்தினர்க்கும், பெறாதவரில் 3.4 வீதத்தினர்க்கும் முதற் பாரிசவாதம் வந்தது. ஆனால் அங்கே எல்லோரும் இரத்த அழுத்தக் குளிசையை உட்கொண்டே வந்தனர். ஃபோலிக் அமிலம் அதனோடு சேர்ந்த துணை; அதற்குப் பதிலன்று. இதைச் சொன்னபோது அவர் முகம் சிறிது மாறியது.

மரக்கறி உண்போர் கவனிக்கவேண்டிய செய்தி வேறொன்று. கீரையிலும் பருப்பிலும் ஃபோலிக் சத்து உண்டு, பி12 இல்லை. அது மச்சம், மாமிசம், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்தே கிடைக்கும். தேநீரிற் கலக்கும் சிறிதளவு பால் எம்மாத்திரம்? பி12 குறைந்தால் நரம்புகள் கெடும். அக்குறையை அறியாது ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால், இரத்தசோகை மறைந்து நரம்புக்கேடு உள்ளே வளரக்கூடும். ஆகவே அந்த 24 என்னும் எண்ணை நான் அலட்சியம் செய்யவில்லை. வைத்தியரிடம் போகும்படி வற்புறுத்தினேன்.

பரிசோதித்ததிலே அவருக்குப் பி12 குறைவென்றே கண்டது. இப்போது ஊசி ஏற்றுகின்றனர். அழுத்தக் குளிசையும் அன்றிரவே மீண்டும் தொடங்கிவிட்டது. ஹோமோசிஸ்டீனை மறுபடி எப்போது அளப்பது என்று வைத்தியரைக் கேட்டாராம். அவர் விடை கூறாமல், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக் கையிலே சுற்றினாராம்.