லயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூட்டம் வேண்டும்

திருவனந்தபுரம் மாவட்டம் விதுரா ஊராட்சியில், அகத்தியர்கூடத்துக்கு ஏறும் வழியில் இருக்கிறது போனக்காடு. அங்கே தேயிலைத் தோட்டம் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. சம்பளப் பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான, ஒழுகும் லயங்களிலேயே தங்கிவிட்ட குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அங்குள்ள ஒருவர் குடியை நிறுத்த விரும்பினால் சிகிச்சைக்கு வழி இருக்கிறது. கேரளக் கலால் துறையின் விமுக்தி திட்டத்தில் மாவட்டத்துக்கொரு போதை மீட்பு மையம் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான மையம் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையில் இயங்குகிறது. 14405 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான். மருந்து முடிந்து, நடுக்கம் நின்று, பஸ் ஏறி லயத்துக்குத் திரும்பியவருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். அது நடந்து போகும் தூரத்தில், தமிழில் பேசும் இடமாக இருக்க வேண்டும்.

உடம்பிலிருந்து சாராயம் இறங்கச் சில நாட்கள் போதும். குடிக்கத் தூண்டும் ஆசை மாதக்கணக்கில் கூடவே வரும். அந்த மாதங்களில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற கூட்டங்கள் உண்மையிலேயே உதவுகின்றனவா என்ற கேள்விக்கு விடையாக, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் ஓர் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டது. 27 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 10,565 பேரையும் அது எடுத்துக்கொண்டது. குடியை முழுமையாக விட்டு நிலைத்திருப்பதில், முறையாக வகுத்த திட்டப்படி நோயாளிகளை இந்தக் கூட்டங்களோடு இணைத்துவிடும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது. 'இணைத்துவிடும்' என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'எங்காவது கூட்டம் நடக்கும், போய்ப் பாருங்கள்' என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவதில் இந்தப் பலன் கிடைக்காது. இந்தியாவின் நிலையோ இன்னும் பின்தங்கியது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்று மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அப்படிக் கிடைத்த ஒருவரையும் ஊர் திரும்பியதும் கைவிடுவது எந்த வகையில் நியாயம்?

கூட்டம் நடத்தப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. வட்டமாகச் சில நாற்காலிகள், ஒரு கெண்டித் தேநீர், ஒரு மணி நேரம். ஒருவர் தன் முதல் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குவார். அவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கே புத்தி சொல்வதில்லை. கட்டணம் கிடையாது. கடைசியில் சுற்றிவரும் பையில் விருப்பப்பட்டவர் பத்தோ இருபதோ போடலாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராகும் தகுதி. இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் மரபு. அந்த இயக்கமே 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசியதில் பிறந்ததுதான். ஊர் தேடிச் சென்று உதவுவதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு, குடும்பத்தாரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை அளித்தது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, சின்ன ஊரில் ரகசியம் நிற்காது என்பது. உண்மைதான், அடுத்த லயத்துக்காரர் பார்க்கத்தான் செய்வார். ஆனால் கூட்டத்துக்குப் போகிறவர் குடித்த காலத்திலும் எல்லாருக்கும் தெரிந்துதானே இருந்தது? ரகசியமாகக் காப்பாற்ற வேண்டியது கூட்டத்தில் பேசப்படும் பேச்சைத்தான். அந்தக் கட்டுப்பாடு ஏற்படும்வரை, திருவனந்தபுரத்திலோ கன்னியாகுமரி மாவட்டத்திலோ உள்ள தமிழ் பேசும் பழைய உறுப்பினர்கள் வந்து நடத்திக் கொடுக்கலாம். வேலையும் பாக்கித் தொகையும் வராமல் கூட்டம் மட்டும் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களின் கோபம் எனக்கும் உண்டு. அந்தப் பாக்கி வந்தே தீர வேண்டும். ஆனால் அது வரும்வரை குடிநோய் காத்திருக்காது. வந்த பணம் கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போகவும் ஒரு துணை வேண்டும். கடையை மூடினால் போதும் என்பாருக்கு 2020 மார்ச் மாதமே பதில். பொதுமுடக்கத்தில் மது கிடைக்காமல் கேரளத்தில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டுக்கு மது தர அரசு உத்தரவிட, உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவர், அடுத்துக் கூட்டம் என்ற வரிசை மாறக்கூடாது.

கேரளத்துக்கு வாராந்தரக் கூட்டம் புதிதல்ல. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களில் பெண்கள் வாரந்தோறும் கூடிச் சேமிப்பும் கடனும் பேசுகிறார்கள். ஊராட்சி ஓர் அங்கன்வாடி அறையின் சாவியை ஞாயிறு மாலைக்குத் தரட்டும். வீடு திரும்புபவரின் மருந்துச் சீட்டில் அந்த அறையின் பெயரையும் நேரத்தையும் மையத்து ஆலோசகர் எழுதி, முதல் வாரம் போனாரா என்று போனில் கேட்கட்டும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் மனைவியரும் தாய்மாரும் உட்காரலாம். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று 1951இலேயே அல்-அனான் என்ற தனிக் குழு தொடங்கப்பட்டது. இரவில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர்கள் அவர்கள், அவர்களுக்கும் பேச நிறைய இருக்கும்.