இறைமைக்கு ஆர் சாட்சி?

கனடாவின் கரையோரக் காவல்படைக்கு ஹலிபாக்ஸ் கப்பல்தளத்தில் இரண்டு ஆர்க்டிக் ரோந்துக் கப்பல்கள் கட்டப்படுகின்றன. பெயர்கள் ‘டொன்ஜெக் கிளேசியர்’, ‘செர்மிலிக் கிளேசியர்’. இரண்டும் பனியாறுகளின் பெயர்கள். பனி உருகுறதாலதான் வடமேற்குக் கடல்வழி திறக்குது. வழி திறக்கிறதாலதான் ரோந்தும் தேவைப்படுது. உருகுறதின்ர பெயரையே கப்பலுக்கு வைக்க ஒரு துணிச்சல் வேணும்.

ஆனால் எங்கட கோபம் பெயரில இல்லை. ‘வடக்கில் எங்கள் இறைமையைக் கப்பல்தான் காக்கும்’ என்ற கதையிலதான்.

ஆர்க்டிக் ரோந்து புதுசில்லை. 1950களில் ‘சி.டி. ஹவ்’ எண்ட அரசாங்கக் கப்பல் ஒவ்வொரு கோடையும் அங்க போனது. 1953இல், வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கில் இருந்த இனுயிட் குடும்பங்களை ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் வடக்கே கொண்டுபோனது அந்தக் கப்பல்தான். ‘விருப்பமில்லையெண்டால் இரண்டு வருசத்தில திரும்பலாம்’ எண்டு சொன்னவை. அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. அந்தச் சனம் தங்களை மனிதக் கொடிக்கம்பங்கள் எண்டு சொன்னது சும்மா இல்லை. அதே கப்பலில்தான் எக்ஸ்ரே எடுத்து, காசநோய் எண்டு கண்டவர்களைத் தெற்கு வைத்தியசாலைகளுக்கு ஏற்றினார்கள். பலர் வீட்டுக்காரரிட்டச் சொல்லிக்கொள்ளக்கூட இறங்க முடியவில்லை. குடியேற்றத்துக்கு 2010இலும், காசநோய்க் கொடுமைக்கு 2019இலும்தான் அரசு மன்னிப்புக் கேட்டது.

1985இல் அமெரிக்காவின் ‘போலார் சீ’ கனடாவிடம் அனுமதி கேட்காமல் அந்த வழியால போனது. அப்ப கனடா உலகத்துக்குக் காட்டின சாட்சி என்ன? கப்பல் இல்லை. அந்தப் பனியிலும் நீரிலும் காலங்காலமாக வாழும் இனுயிட் மக்கள். உரிமை கோரும்போது மட்டும் அவை வேணும், பிறகு?

இந்த இரண்டும் ஆயுதக் கப்பல்கள் இல்லையே, ஆக்களைக் காப்பாற்றவும் மீன்பிடியைக் கண்காணிக்கவும்தானே எண்டு கேட்கலாம். நல்லது. நாங்கள் கப்பலே வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனால் இதுகள் கடும் மாரியில வட ஆர்க்டிக்கில நிக்கிற கப்பல்கள் இல்லை. பனி இறுகினால் கப்பல் தெற்க திரும்பும். சனம் அங்கதான் இருக்கும்.

அதால எங்கட அளவுகோல் இதுதான்: கப்பலின்ர நீளமோ பனி உடைக்கும் பலமோ இல்லை. பாதையைத் தீர்மானிக்கிற மேசையில எத்தனை இனுயிட் இருக்கினம்? உதவி கேட்டு இனுக்டிடுட் மொழியில அழைச்சால் பதில் சொல்ல ஆள் இருக்கா? கனடாவில வாக்குப் போடுற எங்கட அண்ணாமாரும் அக்காமாரும் இதைக் கேட்கவேணும். சொந்த இடத்திலிருந்து தூக்கி எறியப்படுறது என்னெண்டு எங்களுக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.