திகில் படம் எடுக்கப் போறீங்களா?

பள்ளி விழாவுக்குத் திகில் குறும்படம் எடுக்கப் போகிறீர்களா, குட்டி நண்பர்களே? பொம்மைத் துப்பாக்கி, சிவப்பு மை எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பெரிய இயக்குநர்கள் எப்படி ஆரம்பித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

ஆனால், காட்சியை அப்படியே 'சுடுவது' எனக்குப் பிடிக்காது. அடுத்து என்ன என்று தெரிந்துவிட்டால் யார் பயப்படுவார்கள்? உத்தியை எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஜப்பான் இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' (1950), காட்டில் நடந்த ஒரே குற்றத்தை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் படம். அந்த உத்தியைத்தான் எஸ்.பாலசந்தர் 1954-ல் 'அந்த நாள்' படத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆனால், காட்டை விட்டுவிட்டார்! கதை சென்னையில் நடக்கிறது. தொடங்கியதுமே துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் குண்டடிபட்டு விழுந்துவிடுவார். பாட்டே கிடையாது.

'ஜாஸ்' (1975) படத்தின் முதல் காட்சியில் சுறா கண்ணிலேயே படாது. தண்ணீரும் இசையும்தான். பெரியவர்களோடு பாருங்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். பாதி பயம் காணாமல் போய்விடும்!

உங்களுக்கும் இது வசதி, செலவே இல்லை. பூட்டிய வகுப்பறை. உள்ளே நாற்காலி நகரும் சத்தம். வெளியே சாவியோடு ஒரு மாணவி. கதவு திறப்பதற்குள் படத்தின் பெயரைப் போட்டுவிடுங்கள்.