கலத்துக்கு மதிப்பு, கைக்கு இழிவா?

ஜப்பானின் டோக்கோநாமே நகரத்துச் செம்மண் தேநீர்க் கெண்டியைக் கண்ணாடி அலமாரியில் வைத்து வியக்கும் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. வியக்கட்டும்! அத்தகைய கெண்டிகளை வனைந்த மூன்றாம் யமடா ஜோசானை 1998இல் அந்நாடு ‘வாழும் தேசியச் செல்வம்’ என ஏற்றது. இங்கோ குயவன் என்பது வெறும் சாதிப்பெயர். கலைஞன் என்று சொல்ல நா எழுவதில்லை.

மகாவலி வண்டல் சுமந்து கொட்டியாரக் குடாவில் கலக்கும் மூதூரில் மண்ணுக்கா பஞ்சம்? மதிப்புக்குத்தான் பஞ்சம்! இவ்விழிவு நம் தொன்மையுமன்று. வெண்ணிக்குயத்தியார் என்ற குயப்பெண், வென்ற கரிகாலன் முகத்துக்கு நேரே தோற்றவனின் மாண்பைப் பாடினார். புறநானூறு அவரைப் புலவர் வரிசையில் வைத்தது.

ஆசிரியர்களே, மாணவர்களே! குயவரை ஆசானாக வகுப்பறைக்கு அழையுங்கள்; அவர் உழைப்புக்குரிய விலையைக் கொடுங்கள். கலத்தைப் போற்றிக் கையை இகழ்வது ரசனையன்று; சாதி வெறியின் நாகரிக வேடம்!